டூரின் நகரில் கண்ட பந்தய மோட்டார்

பழம்பொருள் விரும்புவோர் மும்பையில் நாடிச் செல்லும் இடம் சோர் பஜார் என்பதை நம் சங்கத்து அன்பர்கள் நன்கறிவர். சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் அங்கே விளையாட்டு மோட்டார் ஒன்று நம் கண்ணிற்பட்டது. விரல் நீளம், கெட்டியான உலோகம், சிவப்பு வர்ணம் பாதி உதிர்ந்திருந்தது. ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தய வண்டி. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் நடுவே, இருபுறமும் பெட்டி போன்ற இரு புடைப்புகள். அடியில் பெயர் ஏதும் இல்லை.

எட்டு வயது நிரம்பிய நம் மகன் அதைக் கையில் வாங்கியதும், "இது என்ன வண்டி அப்பா?" என்று வினவினான். தெரியாது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சிவப்பு நிறமும் பந்தய வடிவும் கண்டு, "ஃபெராரி" என்று கூறிவிட்டோம். அவனும் அப்பெயரைக் காகிதத்தில் எழுதி வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டான். மறுநாள் மாடிவீட்டுச் சிறுவன் ஒரு படப்புத்தகத்தைக் காட்டி, ஃபெராரி எதற்கும் இப்படிப் பெட்டிகள் இல்லை என்று சாதித்தான். நம் மகன் வாடிய முகத்துடன் திரும்பி வந்தான்.

அவ்வாரமே மற்றொன்றும் நிகழ்ந்தது. பள்ளி நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில், தன் பெயருக்குக் கீழே "ஊர்: மும்பை" என்று அவன் எழுதியிருந்தான். நாம் அதை அடித்துவிட்டுக் "கோவில்பட்டி" என்று எழுதினோம். "நான் அங்கே பிறக்கவில்லையே அப்பா" என்றான். நாம் சற்றுக் கடிந்து பேசினோம். இரண்டு நாள் அவன் நம்மிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

நிற்க. நம் தம்பி இத்தாலியின் டூரின் நகரில் பொறியியல் பயின்று தேறியபோது, "அண்ணா, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று பலமுறை வற்புறுத்தி அழைத்தான். சேமிப்பைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஆல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்தில், போ ஆற்றின் கரையில் அமைந்த அழகிய நகரம் அது. வீதியோரங்களில் தூண்களும் வளைவுகளும் கொண்ட கூரையிட்ட நடைபாதைகள் இருப்பதால், மழையிலும் குடையின்றி நெடுந்தூரம் நடக்கலாம். போர்த்தா நுவோவா ரயில் நிலையத்தருகே சுரங்க ரயிலில் ஏறினோம். ரயில்வே ஊழியர் என்ற பழக்கத்தால் முதற்பெட்டியில் ஓட்டுநரைத் தேடினோம். ஓட்டுநரே இல்லை, அந்த ரயில் தானே இயங்குவது!

லிங்கோத்தோவில் இறங்கினோம். 1923ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பியட் மோட்டார்த் தொழிற்சாலைக் கட்டடம் அங்கே இன்றும் நிற்கின்றது. வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கான பாதையை அதன் கூரைமீதே அமைத்திருந்தார்கள்! அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மோட்டார்க் காட்சிச்சாலை. 1960இல் கட்டி, 2011இல் புதுப்பித்த கட்டடம் அது.

பந்தய வண்டிகளின் கூடத்தில் நம் கால்கள் நின்றுவிட்டன. அதே சிவப்பு நிறம். அதே இரு பெட்டிகள்! பெயர்ப்பலகையில் "லான்சியா டி 50" என்றிருந்தது. மகனிடம் தவறாகச் சொல்லிவிட்டோமே என்று வெட்கம் மேலிட்டது. அப்போது தம்பி அவ்வண்டியின் வரலாற்றை விளக்கினான்.

லான்சியா டூரின் நகரத்து மோட்டார் நிறுவனம். இவ்வண்டியை வகுத்தவர் வித்தோரியோ யானோ என்னும் மேதை. அக்காலப் பந்தய வண்டிகளில் பெட்ரோல் தொட்டி வாலில் இருப்பது வழக்கம். ஓட ஓடப் பெட்ரோல் குறையும், வால் இலேசாகும், வண்டியின் போக்கே மாறிவிடும். யானோ தொட்டிகளைச் சக்கரங்களின் நடுவே இருபுறமும் அமைத்து, எடை சமமாக இருக்கச் செய்தார். நாம் கண்ட பெட்டிகள் அத்தொட்டிகளே. எட்டு சிலிண்டர், இரண்டரை லிட்டர் எஞ்சினைச் சற்றுச் சாய்வாக வைத்தமையால் ஓட்டுபவர் தாழ அமர முடிந்தது.

1954 அக்டோபரில் பார்சிலோனாவில் நடந்த முதற்பந்தயத்திலேயே, ஆல்பர்த்தோ அஸ்காரி இவ்வண்டியில் முன்னணியில் ஓடினார். கிளச் பழுதானதால் விலக நேர்ந்தது. 1955 மே 22ஆம் நாள் மொனாக்கோ பந்தயத்தில் வண்டியோடு கடலில் விழுந்து உயிர் தப்பினார். நான்கே நாட்களில், மோன்சாவில் வேறொரு வண்டியைச் சோதித்தபோது மாண்டார். நிறுவனமோ பணமுடையில் தவித்தது. அவ்வாண்டு ஜூலையில் தன் பந்தய வண்டிகளை ஃபெராரியிடம் ஒப்படைத்துவிட்டது. புதிய இல்லத்தில் பெட்ரோல் வாலுக்கு மாறியது; பெட்டிகளுக்கும் உடலுக்கும் இடையேயிருந்த சந்து மூடப்பட்டது. 1956இல் ஃபாஞ்சியோ அவ்வண்டிகளைக் கொண்டே உலகப் பட்டம் வென்றார். அப்போது அவற்றின் பெயர் லான்சியா-ஃபெராரி.

நம் வீட்டுப் பொம்மையில் அந்தச் சந்து தெளிவாகவே இருந்தது. ஆகவே அது பிறந்த வீட்டு வடிவம். மாடிவீட்டுச் சிறுவன் சொன்னது சரி. நாம் சொன்னது பாதி உண்மை. பாதியை முழுமை போலச் சொன்னதே பிழை.

அன்று இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. தெற்கு ரயில்வேயிலிருந்து மத்திய ரயில்வேக்கு மாற்றப்பெறும் பெட்டிகளை நாம் கண்டதுண்டு. பக்கத்தில் எழுதிய எழுத்துகள் மாறும். ஆனால் 1955ஆம் ஆண்டு பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலையின் தகடு அதில் இருக்கும். புதிய எழுத்தும் பொய்யன்று. பழைய தகடும் பொய்யன்று. இதை நாள்தோறும் கண்டும், பிள்ளையின் நோட்டில் உண்மையான ஒரு சொல்லை அடித்துவிட்டோமே!

திரும்பி வந்து மகனிடம் முழுக் கதையையும் சொன்னோம். நாம் சொன்ன பெயர் அரைகுறை என்பதையும் ஒப்புக்கொண்டோம். "அப்படியானால் எந்தப் பெயரை ஒட்டுவது அப்பா?" என்றான். "நீயே யோசித்து எழுது" என்றோம். பழைய காகிதத்தை அவன் கிழிக்கவில்லை. "ஃபெராரி" என்பதற்கு மேலே "லான்சியா" என்று எழுதினான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. புதிய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நம்மிடம் நீட்டினான். "பிறந்த ஊர்: மும்பை. சொந்த ஊர்: கோவில்பட்டி" என்று குண்டு குண்டாக எழுதியிருந்தான். நாம் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.