மனசுக்குள் ஓடும் ஆதாரமில்லாத செய்தி!

இரவு 11 மணி. ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலில் படுத்த பிறகு போன் அடித்தது. "நீ போட்ட நியூஸ்ல 12 கோடின்னு இருக்கணும்மா, 12 லட்சம்னு இருக்கு. ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுட்டார்" என்றார் டெஸ்க்கில் இருந்த அண்ணன். பதறி எழுந்து லேப்டாப்பைத் திறந்து திருத்தினேன். ஐந்து நிமிட வேலைதான். ஆனால், அது என் தலைக்குள் ஆறு மாதம் ஓடியது.

'டிப்ளமோ படிச்சவளுக்கு இவ்வளவுதான் வரும்', 'இந்த வேலைக்கே நீ லாயக்கில்லை.' யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தைகள் இவை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீட்டிங்கில் ஐடியா சொல்ல வாய் வராது. "மழை பாதிப்பு ரிப்போர்ட்டுக்கு கடலூர் போறியா?" என்று ஆசிரியர் கேட்டபோது, "வேற யாரையாவது அனுப்புங்க சார்" என்றேன். படிக்கிற காலத்திலிருந்து நான் ஏங்கிய வாய்ப்பு அது. வேறொருவர் போனார்.

'நெகட்டிவா நினைக்காதே' என்றார்கள் தோழிகள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான். நினைக்கக் கூடாது என்றதுமே குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் டீ குடிக்கும்போது சீனியர் அக்கா ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வாட்ஸ்அப்ல ஒரு நியூஸ் வந்தா என்ன பண்ணுவே?"

"சோர்ஸ் கேட்பேன்க்கா."

"உன் மண்டைக்குள்ள வர்ற நியூஸுக்கு என்னிக்காவது சோர்ஸ் கேட்டிருக்கியா?"

பதில் சொல்ல முடியவில்லை.

அக்கா சொன்னதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களுக்குச் சில எண்ணங்கள் தாமாகவே, மின்னல் வேகத்தில் வந்துபோவதைக் கவனித்தார். அவை உண்மையா என்று அவர்கள் கேட்பதே இல்லை, அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணங்களைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை.

பழைய டைரியில் மூன்று கட்டம் போட்டேன். 'நடந்தது', 'மனசு சொன்னது', 'ஆதாரம்.'

நடந்தது: ஒரு தொகை தப்பானது. மனசு சொன்னது: நான் லாயக்கில்லை. ஆதாரம்? அந்த மாதம் நான் எழுதிய செய்திகளை எண்ணினேன். 140-க்கு மேல் இருந்தன. திருத்தம் போட்டவை இரண்டே இரண்டு.

அந்தக் கட்டம் இன்னொன்றையும் காட்டியது. இரண்டு தவறுகளும் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், அவசரத்தில் நடந்தவை. 'லாயக்கில்லை' என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால், 'அவசரத்தில் எண்களைச் சரிபார்க்கவில்லை' என்பதற்கு இருக்கிறது. இப்போதெல்லாம் பப்ளிஷ் கொடுக்கும் முன் எண்களை மட்டும் தனியாக, மூலத்தோடு வைத்து ஒருமுறை படிக்கிறேன்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. சில நாள் டைரியைத் திறக்கவே பிடிக்காது. இன்றைக்கும் அந்தக் குரல் வருகிறது. வந்ததும் நம்பிவிடாமல், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்க மட்டும் பழகியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு குரல் கேட்கிறதா? மூன்று கட்டம் போட்டுப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்கு அது வாட்டினால், டைரி மட்டும் போதாது. மனநல ஆலோசகரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் நானே ஆசிரியரிடம் போய், "அடுத்த ஃபீல்டு ரிப்போர்ட்டுக்கு நான் போறேன் சார்" என்றேன். அனுப்பினார். அந்தக் கட்டுரையில் ஓர் ஊரின் பெயரில் எழுத்துப்பிழை. அன்று இரவும் போன் வந்தது. திருத்தினேன். தூங்கிவிட்டேன்.