மஹாலில் கைதட்டுங்கள்!

மதுரைக்குப் போனால் திருமலை நாயக்கர் மஹாலில் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். 1636-ல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாய் எழும்பிய சொர்க்க விலாசம். எங்கும் கெட்டிச் சுவர், கெட்டித் தரை. சத்தம் லேசில் அடங்காது!

நாயக்கருக்கு அது கம்பீரம். 10-க்கு 12 ரூமில் ஹோம் தியேட்டர் வைக்கும் நமக்கு? சுவர் 17 மீட்டராவது தள்ளியிருந்தால்தான் எதிரொலி தனியாய்க் கேட்கும். சின்ன ரூமில் டைல்ஸும் சுவரும் திருப்பியடிக்க, வசனம் ஒரே கொழகொழ. பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் பெரிய கொழகொழ, அவ்வளவுதான்!

தரையில் ஜமக்காளம், பக்கச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னலுக்குக் கனத்த திரை. சுங்குடிச் சேலை உதவாது சார், மெலிசு! ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்துங்கள். 'டம் டம்' குறையும்.

இப்போது ரூமில் கைதட்டுங்கள். சத்தம் 'டப்'பென்று அடங்கினால், சம்பளம் பிழைத்தது!