இரண்டு சோழர்

மைசூரு ராமாபுரத்தில் இருந்துகொண்டு இந்த வட்டாரத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு கணினியில் ஒரு குறிப்புச் செயலி. ஒரு கல்வெட்டுக்கு ஒரு கோப்பு, ஓர் ஊருக்கு ஒரு கோப்பு. ஒன்றுக்குள் இன்னொன்றின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் இணைப்பு உண்டாகிவிடும்.

பழைய கணினி பழுதானது. கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துப் புதிய கணினிக்கு மாற்றினேன். மறுநாள் ‘முடிகொண்ட சோழமண்டலம்’ என்ற இணைப்பைத் தட்டினால் வெற்றுப் பக்கம் திறந்தது. கங்கரிடமிருந்து இந்தப் பகுதியைப் பிடித்த சோழர் இதற்கு வைத்த பெயர் அது. நான் அதிகம் எழுதிய குறிப்பும் அதுதான். பதறிப்போய்க் கோப்புறையைத் திறந்தேன். கோப்பு இருந்தது, எழுதியது எல்லாம் இருந்தது. பெயரில் ஒரு பிழைகூட இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது குறிகளைத்தான். ஏற்கெனவே பட்டவன் நான். 1912-ம் ஆண்டு அறிக்கையின் 45-ம் கல்வெட்டை 45/1912 என்று எழுதுவது கல்வெட்டுக்காரர்கள் வழக்கம். கோப்புப் பெயரில் அந்தச் சாய்கோடு நிற்காது. 1970-ஐ ஒட்டி பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் உருவானபோது, கோப்புறையைக் கோப்பிலிருந்து பிரிக்கும் குறியாக அது வைக்கப்பட்டது. எண்ணுக்கு முன்னால் # போட்டாலும் இணைப்பு வழிமாறும். அதன் கதை எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவில் முகவரி எழுதும்போது கட்டடத்துக்குள் இருக்கும் வீட்டின் எண்ணை # போட்டுக் குறிப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஆவணத்துக்குள் ஓர் இடத்தைக் காட்ட இந்தக் குறியை எடுத்துக்கொண்டதாக, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ எழுதியிருக்கிறார். குறிப்புச் செயலிகளும் அதையே பின்பற்றுகின்றன. ‘நரசீபுரம் #35’ என்று எழுதினால், நரசீபுரம் என்ற கோப்பில் 35 என்ற தலைப்பைத் தேடிப் போகும்.

ஆனால் ‘முடிகொண்ட சோழமண்டலம்’ என்ற பெயரில் இந்தக் குறிகள் எதுவுமே இல்லை. ஒரு தாளை எடுத்து, அறுந்த இணைப்புகளை ஒரு பக்கமும் அறாதவற்றை இன்னொரு பக்கமும் எழுதினேன். அறுந்தவை: சோழர், கொங்கு, போசளர், கோலார். அறாதவை: கங்கர், பாண்டியர், தலைக்காடு, கீர்த்திநாராயணர். இரண்டு பத்தியையும் வாய்விட்டுப் படித்தபோது பிடிபட்டது. அறுந்த பெயர் ஒவ்வொன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகளைக் கூப்பிட்டேன். கோப்பின் பெயரையும் இணைப்பில் எழுதிய பெயரையும் அனுப்பச் சொன்னாள். பத்து நிமிடத்தில் பேசினாள்: “மாமா, ரெண்டும் சோழர்தான். ஆனா இணைப்புல அஞ்சு குறி இருக்கு, கோப்புப் பேர்ல ஆறு இருக்கு.”

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில், தமிழ் 1991-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதில் ‘சோ’ எழுத இரண்டு வழி. சகரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது யூனிகோடின் விதி. கோப்புப் பெயரைச் சேமிக்கும்போதே இப்படிப் பிரித்து வைத்துவிடும் கோப்பு முறைகள் உண்டு. பெயரைத்தான் பிரிக்கும், கோப்புக்குள் நாம் எழுதியதைத் தொடாது. பழைய கணினியும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது, ஆனால் விதியை அறிந்து இரண்டையும் ஒன்றாகக் கொண்டது. புதியதில் செயலி குறிகளை அப்படியே எண்ணிப் பார்த்து, வேறு வேறு என்று முடிவுகட்டிவிட்டது.

இந்தக் கொம்பும் காலும் எங்கிருந்து வந்தன? கல்லில் சிற்பி எழுத்துக்கு முன் ஒரு கொம்பு, பின் ஒரு கால் என்று இரண்டாகத்தான் வெட்டினான். அச்சுக் கோப்பவரும் அவற்றைத் தனி அச்சுகளாகத்தான் எடுத்து அடுக்கினார். பழங்காலத்தில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு ஒரு புள்ளி மட்டும்தான். எகர ஒகரம் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. கல்வெட்டில் அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் காண முடியாது. இரட்டைச் சுழிக் கொம்பைப் போட்டு நெடிலைப் பிரித்துக் காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். ராஜராஜன் காலத்துக் கல்லில் இருப்பதை உள்ளபடி அச்சிட்டால் அது ‘சொழ’ என்றுதான் வரும். பாடங்களில் அப்படி அச்சிடவும் செய்கிறார்கள். ஆக, தேட வேண்டிய வடிவம் மூன்றாகிறது.

ஓகாரம் தீர்ந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தது. இது இன்னும் கடினம். ‘ஸ்ரீ’யை ஸகரத்திலிருந்தும் உண்டாக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் உண்டாக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்தான். ஆனால் இவை ஒன்று என்று விதி சொல்லவில்லை, அதனால் எந்தக் கருவியும் தானாகச் சேர்த்து வைக்காது. ஔகாரத்தைத் தட்டத் தெரியாமல் ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து ‘ஒளவை’ என்று எழுதுவதும் இதே வகை. அது வெறும் எழுத்துப் பிழை, கண்ணுக்கு மட்டும் சரியாகத் தெரிவது. இவற்றை நாம்தான் கையால் திருத்த வேண்டும்.

அக்கா மகள் எழுதித்தந்த சிறு நிரல், பிரிந்து கிடந்த எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றியது. முடிகொண்ட சோழமண்டலம் திறந்தது.

மென்பொருள் எழுதும் தமிழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கான வசதி ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் இருக்கிறது, ஒரு வரி போதும். தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்களே, உங்கள் கணினியில் ‘கோயில்’ என்று தேடிப் பாருங்கள். கண்ணால் எண்ணியதைவிடக் குறைவாக வந்தால், விடுபட்ட கோப்புகளின் பெயரை இன்றே அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள்.