இமை உயராத கண்

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது தமிழ் பற்றிய ஒரு கட்டுரை. யாம் எழுதப் புகுந்ததோ கண்ணிமை பற்றி. தமிழாசிரியனுக்கு இமையோடு என்ன தொடர்பு என்று எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர்கள் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரைக்கு நம் இலக்கண நூலார் கொண்ட அளவு, கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதுமே யன்றோ?

நம் கல்லூரியை விட்டு நீங்கி, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றபின், யாம் பணியாற்றுவது கித்துல்கலவை அடுத்த ஒரு தோட்டப் பாடசாலையில். ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தை இங்கே களனி கங்கைக் கரையில் எடுத்து 1957 இல் வெளியிட்டனர். அதன் பின் ஊரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. இன்று ஆற்றில் படகு செலுத்த வெளிநாட்டார் வருகின்றனர். மேலே இறப்பர் மரங்களுக்கிடையே லயங்களில் வாழ்வோரைக் காண வருவோர் மிகச் சிலரே.

சில ஆண்டுகளின் முன் ஒரு நாள் மாத்திரை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரையும் ஒருமுறை இமைக்கச் சொன்னோம். பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “சேர், இவனுக்கு ஒரு கண் நெடில், மற்றக் கண் குறில்!” வகுப்பே சிரித்தது. அச்சிரிப்புக்கு இலக்கானவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனுடைய இடக் கண்ணின் மேலிமை கருமணியின் பாதிக்குமேல் இறங்கிக் கிடந்தது. அவனும் உடன் சிரித்தான், சிரித்துப் பழகியிருந்தான். அன்று பாடம் முடிந்ததும் வலக் கண்ணைக் கையால் மூடச் செய்து, தொங்கிய இமையை யாம் விரலால் உயர்த்திப் பிடித்து, கரும்பலகையை வாசிக்கச் சொன்னோம். முதல் வரியையும் அவனால் வாசிக்க முடியவில்லை.

மேலிமையைத் தூக்குவது ஒரு மெல்லிய தசை. மூளையிலிருந்து வரும் மூன்றாம் நரம்பு அதனை இயக்குகின்றது. சில குழந்தைகளுக்குக் கருவிலேயே அத்தசை சரிவர அமைவதில்லை. தசைநார் இருக்கவேண்டிய இடத்தில் நார்த்திசுவும் கொழுப்பும் இருக்கும். இது குடும்ப வழியாகவும் வரலாம். (பெரியவர் ஒருவருக்குத் திடீரென இமை தொங்குமாயின் அது வேறு, நாகமோ கட்டுவிரியனோ தீண்டியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு ஓடவேண்டும். தோட்டத்தில் வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று.)

அன்று மாலையே அவன் லயத்துக்குச் சென்றோம். வாசலில் அவன் தங்கை, மூன்றரை வயதுக் குழந்தை, பிள்ளைக் காம்பராவிலிருந்து வந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே இமை. எம்மைப் பார்ப்பதற்காக நெற்றியைச் சுருக்கி, புருவத்தை உயர்த்தி, தாடையை மேலே தூக்கினாள். “அண்ணாந்து பாக்காதடி” என்று தாய் அவள் தலையைக் கீழே அழுத்தினார். மகனை முன்பு ஓரிடத்தில் காட்டியதாகவும், “வளர வளரச் சரியாப் போயிரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் தந்தையார் கூறினார். கொழும்புக்குப் போனால் இருவருக்கும் அன்றைய ‘பேர்’ விழாது; போன பின்னும் எங்கே, யாரிடம் கேட்பது? அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அதிகாலை பஸ்ஸில், யட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாகக் கொழும்புக் கண் மருத்துவமனையை அடைந்தோம். காத்திருந்த வாங்கில் எமக்கருகே ஒரு மூதாட்டி. அவருக்கு இமையோரம் உட்புறமாக மடங்கி, மயிர் ஒவ்வோர் இமைப்பிலும் கருவிழியை உராய்ந்து புண்ணாக்கியிருந்தது. இந்நோயைச் சுசுருதர் அறிந்திருந்தார். இமைநோய்கள் 21 என எண்ணும் அவர் நூல், மயிர் உட்புறம் திரும்பிய இமைக்கு, மேற்றோலில் யவதானிய வடிவாக ஒரு துண்டை அறுத்தெடுத்து மயிரினால் தைக்கும்படி விதிக்கின்றது. மிகுந்த தோலைக் குறைத்து இமையோரத்தை வெளிப்புறம் திருப்பும் அந்த உபாயத்தின் கருத்து இன்றைய அறுவையிலும் உள்ளது.

மருத்துவ அம்மையார் இரு பிள்ளைகளையும் நெடுநேரம் பார்த்தார். பின் அவர் கூறியதே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. கண் காண்கின்றது என்கின்றோம். உண்மையில் காணக் கற்பது மூளை. பிறந்தது முதல் ஏழெட்டு வயதுவரை அது கற்கும். அக்காலத்தில் ஒரு கண் மூடுண்டு கிடந்தால் மூளை அதனைக் கைவிட்டுவிடும். பின்னர் இமையைத் தூக்கினாலும் பார்வை எளிதில் மீளாது. சிறுவன் தலையை அண்ணாத்தாமல் நேராகவே வைத்திருந்தான் அல்லவா? அக்கண்ணைப் பயன்படுத்துவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான் என்பதன் அடையாளம் அது. தங்கை தாடையைத் தூக்குகின்றாள். அவள் கண் இன்னும் காண முயல்கின்றது. தாய் அழுத்திய தலை அதற்காகவே நிமிர்ந்தது.

சிறுவனின் தசையில் ஓரளவு வலு இருந்ததால், அதனைச் சிறிது வெட்டிக் குறுக்கித் தைத்தனர். இமை உயர்ந்தது, முகம் நேரானது, வகுப்பில் அந்தக் கேலி ஒழிந்தது. பார்வை மட்டும் பழைய நிலையிலேயே நின்றது. தங்கையின் தசையில் வலுவே இல்லை. ஆதலின் இமையைச் சிலிக்கன் இழையால் நெற்றித் தசையோடு பிணைத்தனர். புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொடையிலிருந்து எடுக்கும் நார்ப்பட்டையையும் இதற்குக் கொள்வதுண்டாம்.

அறுவையின் பின் சில காலம் அவள் கண் உறக்கத்திலும் முழுதாக மூடவில்லை. இது எதிர்பார்க்கப்பட்டதே, இரவில் களிம்பிட்டுக் காக்க வேண்டும். தேவரை இமையவர் என்றனர் புலவர். அவருள் நளனைத் தமயந்தி கண்டுகொண்டதும் அவன் இமைத்த குறியினாலன்றோ? தேவர்க்கு எப்படியோ, மானிடக் கண் இமையாவிடின் வறண்டு புண்ணாகிக் குருடாகும். தொழுநோயால் இமை மூடும் நரம்பு செயலிழந்தோர்க்கு நேர்வது இதுவே. வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும் போல் பிராண்ட் முதலிய மருத்துவர், பொட்டுப்புறத்து மெல்லும் தசையின் ஒரு கீற்றைத் திருப்பி இமையோடு இணைத்தனர். அதன் பின் அந்நோயாளர் கண்ணை மூடப் பல்லைக் கடிக்கப் பழகினர். உண்ணும்போதெல்லாம் அவர்தம் கண் இமைக்கும்!

சிறுமிக்கு இமை உயர்ந்ததோடு வேலை முடியவில்லை. நல்ல கண்ணை நாடோறும் இரண்டு மணி நேரம் ஒட்டுத்துணியால் மறைத்து, மற்றதைக் கட்டாயமாகப் பார்க்க வைக்கவேண்டும். முதற் கிழமை அவள் மூன்றுமுறை பிய்த்தெறிந்தாள். பிறகு அப்பொறுப்பைத் தமையன் ஏற்றான். பாடசாலை விட்டதும் துணியை ஒட்டி, லயத்துச் சுவரில் கரித்துண்டால் பெரிய எழுத்துகள் எழுதி, வாசிக்கும்வரை விடமாட்டான். ஒவ்வொரு மாதமும் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகின்றான். தை மாதம் மறுபடியும் கொழும்புக்குப் போகவேண்டும். அன்று தமக்குப் பேர் வேண்டாமென்று தந்தையார் இப்போதே கங்காணியாரிடம் சொல்லிவைத்துவிட்டார்.