மண்ணுக்கடியில் வழி செய்வோர்

நமது கொச்சியில் மெட்ரோ இரயில் தூண்களின் மேல் ஓடுகின்றது. 2017 ஜூனில் தொடங்கிய அவ்வண்டி இன்று ஆலுவா முதல் திருப்பூணித்துறை வரை செல்கின்றது. சுள்ளிக்கல்வாசிகளாகிய நாம் அதில் ஏற வேண்டுமாயின், தோப்பும்படி கடந்து எர்ணாகுளம் செல்லுதல் வேண்டும். சென்னையிலோ வண்டி மண்ணுக்கடியிலும் ஓடுகின்றது. சென்ற தை மாதம் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தபோது, சென்ட்ரலில் படியிறங்கி அதில் பயணம் செய்தோம்.

இப்பாதை எளிதில் அமைந்ததன்று. 2009இல் வேலை தொடங்கிற்று. 2017 மே 14ஆம் நாள்தான் திருமங்கலத்திற்கும் நேரு பூங்காவிற்கும் இடையே முதல் சுரங்க வண்டி ஓடிற்று. பூமிக்குள் இறக்கிய பெரும் எந்திரத்தின் முகப்புச் சக்கரம் சுழன்று மண்ணையும் பாறையையும் குடைகின்றது. குடைந்த மண் பின்புறமாக வெளியேறுகின்றது. முன்னரே வார்த்து வைத்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்துகின்றனர். அவ்வளையத்தை உதைத்துக்கொண்டே எந்திரம் முன்னேறுகின்றது. சென்னை நிலமோ ஓரிடத்தில் களிமண், ஓரிடத்தில் மணல், மற்றோரிடத்தில் கடும்பாறை. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி, பேருந்தொன்றும் காரொன்றும் பள்ளத்தில் இறங்கியதை அன்பர்கள் பலர் அறிவர்.

இப்போது 118.9 கிலோமீட்டர் நீளத்திற்கு இரண்டாம் கட்டப் பணி நடக்கின்றது. மயிலாப்பூரில் தகரத் தடுப்புகளுக்கு அருகே, தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழிலாளர் சிலர் உணவருந்திக்கொண்டிருந்தனர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஓர் இளைஞர் கைப்பேசியில் தம் தாயுடன் பேசிக்கொண்டிருந்தார். மொழி விளங்காவிடினும், "சாப்பிட்டாயா?" என்று அவள் கேட்டிருப்பாள் என்பது விளங்கிற்று.

எம்முடன் வந்த உறவினர் ஒருவர், "எங்கு பார்த்தாலும் வடக்கன்கள்!" என்று சலித்துக்கொண்டார். பெரியம்மா நின்றுவிட்டார். "ஏன் தம்பி, மட்டாஞ்சேரியில் உன் தாத்தா மூட்டை சுமந்த காலத்தில் அவரைப் 'பாண்டி' என்றார்களே, அது உனக்கு இனித்ததா?" என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

அன்பர்களே, நம் முன்னோர் பிழைப்புத் தேடி இங்கு வந்தபோது இகழ்ந்தோரும் இருந்தனர். திண்ணையில் இடமளித்தோரும் இருந்தனர். இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசித் தலைநிமிர்ந்து நடப்பது, அத்திண்ணைகள் தந்த வாழ்வன்றோ? தாய்நாட்டின் தலைநகரில் நாம் சொகுசாகச் செல்லும் பாதையை, ஊர் விட்டு ஊர் வந்தவர்களும் சேர்ந்தே தோண்டித் தந்திருக்கின்றனர்.

நம் சுள்ளிக்கல்லிலும் வடநாட்டுத் தொழிலாளர் வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழ்கின்றனர். அவர்களைப் பெயர் கேட்டு அழைப்போம். நாளும் கிழமையும் வந்தால் ஒரு கிண்ணம் பாயசம் அனுப்புவோம். 'பாண்டி' என்ற சொல்லின் வலியை அறிந்த வீடுகளில், 'வடக்கன்' என்ற சொல்லைக் குழந்தைகள் கற்றல் ஆகாது.