வெட்டுக்கல் சுவரும் சிமெண்ட் பூச்சும்

மலபாரின் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் உறுப்பு அடித்தளச் சுவர்தான். ஆய்வின் பொருட்டு இரண்டு ஆண்டுகளாக இத்தகைய சுவர்களின் அருகே அமர்ந்து குறிப்பெடுத்து வருகிறேன். இங்கு வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல், நிலத்தில் இருக்கும்வரை வெட்டுவதற்கு மென்மையானது; காற்றுப் பட்டபின் இறுகும். அங்காடிப்புரத்தில் இதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று இதற்குப் பெயரிட்டார்.

துளைகள் நிறைந்த இக்கல் நீரை உறிஞ்சும். அதனால்தான் மண்சாந்தும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இதற்குப் பொருந்தின. தரையிலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். இன்று ஈரத்தைக் கண்டதும் சிமெண்ட் பூசுகிறோம். வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் மேலேறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னே படிந்து கல்லின் முகத்தை அரிக்கிறது. பூச்சு மட்டும் சில காலம் அழகாகவே இருக்கும் என்பதுதான் தொல்லை.

சென்ற மே மாதம் நான் சென்றுவந்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வசிக்கிறார். ஒரு மூலையில் வெடிப்பு. அடியில் கான்கிரீட் இடுவதற்காக, சுவரின் நீளம் முழுவதும் அடிமட்டத்துக்குக் கீழே ஒரே பள்ளமாகத் தோண்டச் சொன்னார் ஒப்பந்தக்காரர். பருவமழைக்கு மூன்று வாரமே இருந்தது. மூத்த கொத்தனார் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "பக்கத்து மண்ணையும் அடி மண்ணையும் எடுத்துவிட்டால், சுவரைத் தாங்குவது யார் சாரே?" என்பது அவர் கேள்வி. எந்தப் பாடநூலும் அதையேதான் சொல்லும்: ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் மட்டும் தோண்டி, அடிமானம் இட்டு, அது இறுகிய பின்னரே தள்ளியுள்ள அடுத்த பகுதியைத் தொடவேண்டும். நாள் கூடும், கூலியும் கூடும். ஒப்பந்தக்காரரின் தயக்கத்தை நான் முற்றிலும் குறை சொல்லமாட்டேன்; தொகை முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தது.

மூதாட்டியின் மகன் கூடுதல் செலவுக்கு இசைந்தார். முதற்பகுதியைத் தோண்டியபோதே காரணமும் தெரிந்தது. முற்றத்துக்கு அடுத்தடுத்து இட்ட தளங்களால் தரை உயர்ந்து, இறவாணத்து நீர் முழுவதும் சுவரடிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முற்றத்தின் சரிவை மாற்றி வடிகால் வெட்டினார்கள். சிமெண்ட் பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசினார்கள்.

சுவர் இன்னும் முழுதாகக் காயவில்லை. மகன் வாரந்தோறும் தொலைபேசியில் கேட்கிறார். அடுத்த கோடைவரை பொறுங்கள் என்கிறார் கொத்தனார்.