இலைதானே என்று எண்ணலாமா?

பச்சிலை மருந்து தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஏலமும் மிளகும் விளையும் போடி மலைச்சரிவில் வாழும் எங்களுக்கு அந்நம்பிக்கை சற்று அதிகமே. ஆயினும் வேரும் இலையும் எத்துணை வலிய மருந்துகள் என்பதற்கு நம் நாட்டுச் சர்ப்பகந்தியே சான்று. அவ்வேர் மனக்கொந்தளிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதைக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதி வெளியிட்டனர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர், அதை உட்கொண்டோரில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்ததையும் மருத்துவர்கள் கண்டனர்.

போடிமெட்டில் ஏலத்தோட்டக் கணக்கருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் சித்தி மகள். உறக்கமும் உணவும் குன்றி வாடியிருந்தவள், மருத்துவர் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரையால் தேறிவந்தாள். ஆனால் வீட்டார் அதை மறைத்தனர். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம். ஊர் என்ன பேசும்? ஜெர்மனியிலிருக்கும் தம்பிக்கும் சொல்லவில்லை. அக்காள் வாடியிருக்கிறாள் என்று மட்டும் அறிந்த அவன், அந்நாட்டில் மனச்சோர்வுக்கு வழங்கும் ஒரு மூலிகைக் குளிகையை அனுப்பிவைத்தான். ஸ்நாபக அருளப்பர் திருநாளாகிய ஜூன் 24-ஐ ஒட்டிப் பூக்கும் மஞ்சட்பூச் செடி அது. அவர் பெயரையே தாங்கியது. புனிதர் பெயர் என்றதும் எவருக்கும் ஐயம் எழவில்லை.

சில நாட்களில் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், ஓரிடத்தில் இருக்கவொட்டாத பதற்றம். மலைக்காய்ச்சல் என்றெண்ணிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் கடந்து கீழே கொண்டுவந்தார்கள். மாத்திரைச் சீட்டைப் பார்த்த மருத்துவர், "வேறு மருந்து ஏதும் உண்டா?" என்று இருமுறை கேட்டும் "இல்லை" என்றே சொன்னார்கள். பொய்யன்று; குளிகையை அவர்கள் மருந்தாகவே கருதவில்லை. பள்ளிச் சிறுமியான இளையவள்தான் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள்.

செரட்டோனின் என்னும் பொருள் நரம்புகளிடையே தங்கி வேலை செய்யச் செர்ட்ராலின் துணைபுரிகிறது. அம்மூலிகையும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் மிதமிஞ்சி, உயிருக்கே கேடாகலாம். டிரிப்டோபான் போன்ற 'இயற்கை' மாத்திரைகளிலும் இவ்வபாயம் உண்டு. இம்மூலிகையின் தொல்லை இத்துடன் முடிவதில்லை. கல்லீரலைத் தூண்டி, பிற மருந்துகளை விரைவில் சிதைத்துவிடும். எய்ட்ஸ் மருந்தாகிய இண்டினாவிரின் வலிமையை இது குறைப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000-இல் எச்சரித்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரினுக்கும் அதே கதி. நம் மிளகின் பைப்பரினோ நேர்மாறாகச் சில மருந்துகளை இரத்தத்தில் மிகுவிக்கும். (ரசத்துக்கு அஞ்ச வேண்டாம், செறிவூட்டிய குளிகையைத்தான் சொல்கிறேன்.)

மருத்துவர் இரண்டையும் நிறுத்தி, ஆளைத் தம் பார்வையிலேயே வைத்திருந்தார். குளிகையின் விளைவு உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ இரு வாரம் ஆகுமாதலின், அதன் பின்னரே செர்ட்ராலினை மீண்டும் தொடங்கினார். இதைப் படிப்போர் அஞ்சித் தம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவதும் துன்பம் தரும்.

தம்பிக்கு எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் எழுதியவள் சித்தி. வரன் வீட்டாருக்குச் சொல்வதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.